கட்டிக் காப்போம்

ஞானப்பல் என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரிந்தால் நாலு பேர் சேர்ந்து போய் நியாயம் கேட்கலாம். மற்ற பற்களெல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்து, கடித்து, மென்று, பாதி தேய்ந்த பிறகு, நிற்க இடமில்லாத மூலையில் படுத்துக்கொண்டே முளைக்கிற ஒன்றிடம் என்ன ஞானத்தை எதிர்பார்ப்பது? நெரிசலான பேருந்தில் கடைசியாக ஏறிக் காலை நீட்டிக்கொள்கிற பயணி மாதிரி.

இந்த உவமை விசிலுடையது. அவன் பதினேழாம் எண் பேருந்தின் நடத்துனர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழங்கியது. தெருவில் எல்லோருக்கும் அவன் விசில்தான். ஒன்பது வருடமாகத் தற்காலிக நடத்துனர். தற்காலிகம் என்றால், ஒன்பது வருடமாகத் தினமும் சாயங்காலம் "நாளைக்கு வா" என்று சொல்லப்படுபவன் என்று அர்த்தம்.

தாடை வீங்கி, நிறுத்தங்களின் பெயரைப் பாதி மென்று பாதி துப்பிக்கொண்டிருந்தவனை டிப்போவின் நேரக் காப்பாளர் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"போய்ப் பல்லைப் புடுங்கிட்டு வா. ஏழு நாள் லீவு. எட்டாம் நாள் காலையில அஞ்சரை வண்டிக்கு, வாய் சரியா இருக்குன்னு ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்டோட வந்து நிக்கணும். நிக்கலேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆள் ஏறிடுவான். ஏறினவனை இறக்கற வழக்கம் நம்மகிட்ட கிடையாது, தெரியுமில்ல?"

விசிலுக்குத் தெரியும். ஒன்பது வருடம் முன்பு அவன் ஏறியதும் அப்படித்தான்.

பல் மருத்துவ நிலையத்தில் பல் பிடுங்கிய டாக்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. குழியில் பஞ்சை வைத்து, "அழுத்திக் கடிச்சுக்கங்க. அரை மணி நேரம் கழிச்சு எடுத்துடலாம். வேற ஒண்ணும் பயமில்லை" என்றவர், சட்டென்று கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எடுத்துடலாம்னு நான் சொல்லல. என் வேலை பல் வெளியே வர்ற வரைக்கும்தான். அப்புறம் சொல்றதெல்லாம் கீழே இருக்கறவங்க."

கீழே இருந்தது பின்கவனிப்புப் பிரிவு. மேல்மாடியில் ஒரு டாக்டர், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. கீழே பதினோரு அறைகள், நாற்பத்தொரு பேர், எல்லோருக்கும் சுழல் நாற்காலி. பல்லைப் பிடுங்க ஒருவர் போதும். பிடுங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டாமா?

இந்தப் பிரிவு பிறந்த கதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், நிலையத்தில் யாருக்கும் தெரியாது. வாசல் பலகையில் ஒரு காலத்தில் "உங்கள் நலத்தைக் கட்டிக் காப்போம்" என்று எழுதியிருந்தது. ஒரு மழையில் மேல்வரி உரிந்து விழுந்து, "கட்டிக் காப்போம்" மட்டும் நின்றது. அந்த வாரம் பொறுப்பேற்க வந்த தலைமைக் காப்பாளர் பலகையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்டியை?" என்று கேட்டார். வரவேற்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக உட்காரும். அது நகராமல் இருந்தால் காயம் ஆறும், பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து உயிர் போகிற வலி வரும். அதை யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி எடுத்து விட்டார். "அந்த ரத்தக்கட்டியைத்தாங்க." அவ்வளவுதான். மறுமாதமே பிரிவு, பதவிகள், முத்திரைகள். கட்டியைக் காப்பதென்றால் நடுவில் அந்த "க்" எதற்கு என்று கேட்ட எழுத்தர் ஒருவர் எக்ஸ்ரே அறைக்கு மாற்றப்பட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார், இலக்கணம் பேசுவதில்லை.

விசில் போனபோது பெஞ்சில் பஞ்சு கடித்த ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஆறாம் வாய் வந்தாச்சு, தொடங்கலாம்" என்றது ஒரு குரல். தலைமைக் காப்பாளர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு. முப்பத்திரண்டும் வரிசையாக, சொந்தமாக.

"அன்பார்ந்த வாய்களே! பல்லு போச்சேன்னு நீங்க கலங்க வேண்டாம். பல்லு உங்களோடது, அதனால அது போனதுல எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனா அது இருந்த குழியில இப்ப ஒரு கட்டி உட்காருது பாருங்க, அது எங்களோடது. குழி தோண்டினது யாரு? நாங்க. பஞ்சு வெச்சது யாரு? நாங்க. அப்ப கட்டி யாருக்குச் சொந்தம்?"

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு பெரியவர் பஞ்சுக்கு நடுவே, "அத்தம் எங்ஙவுது" என்றார். ரத்தம் எங்களுடையது என்று சொல்ல வந்திருக்கிறார், பாவம்.

"பேசறாரு. குறிச்சுக்கங்க" என்றார் தலைமைக் காப்பாளர் கோபமே இல்லாமல். "இந்தப் பிரிவுல நான் இருபத்து மூணு வருஷமா இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் பல்லைத் தொட்டதில்லை. ஒரு காயத்துக்கு மருந்து போட்டதில்லை. அதனாலதான் என்னால பாரபட்சம் இல்லாம நடந்துக்க முடியுது."

பிறகு விதிகள். ஒருநாள் முழுக்கக் கொப்பளிக்கக் கூடாது. துப்பக் கூடாது. உறிஞ்சு குழலில் எதையும் உறிஞ்சக் கூடாது. ஊதக் கூடாது. சூடாக எதுவும் கூடாது. வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கக் கூடாது. இதுவரை எந்த டாக்டரும் சொல்லக்கூடியதுதான். இதற்கு மேல் நிலையத்தின் சொந்தச் சரக்கு: பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, சிரிப்பவர் அருகே நிற்கக் கூடாது, கனவில் பேசுபவராக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கையில் ஓர் அட்டை தந்தார்கள். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டே சொற்கள்: "கட்டி உள்ளது", "கட்டி இல்லை". ஏழும் "உள்ளது" என்றால் சர்ட்டிபிகேட். இன்றைக்கு ஒரு "உள்ளது" விழுந்துவிட்டது. ஒன்றாவது "இல்லை" என்றால்?

"இல்லைன்னு இதுவரைக்கும் யாருக்கும் ஆனதில்லையா?" என்று விசில் தாளில் எழுதிக் காட்டினான்.

தலைமைக் காப்பாளர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு திறந்த வாயின் படம். கீழே "சிறந்த வாய்" என்று பொன்னெழுத்து. "பாருங்க. ஆறாம் நாள் அவருக்கு நெஞ்சு வலி வந்துச்சு. கூப்பிடறதுக்கு வாயைத் திறக்கணும். விதி இருக்கே? அவர் திறக்கல. ஏழாம் நாள் நாங்களே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஆளு போய்ட்டாரு, ஆனா கட்டி அப்படியே இருந்துச்சு. கையெழுத்துப் போடும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

இரண்டாம் நாள் விசில் சோதனை வரிசையில் நின்றான். சோதிப்பவரைக் குச்சியம்மா என்பார்கள். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஐஸ்குச்சி மாதிரி ஒரு மரக்குச்சி.

"மூணு விரல் அகலம் திறங்க."

விசில் அட்டையைத் திருப்பி, இரண்டு விரல் என்று எழுதியிருந்ததைத் தொட்டுக் காட்டினான்.

"அது வீட்டுல. இங்க எனக்குத் தெரியணுமில்ல? திறங்க."

திறந்தான். தாடை மளுக்கென்றது. குச்சியம்மா கட்டியைக் குச்சியால் தட்டிப் பார்த்தார். கட்டி அசைந்தது, விசிலின் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அசையுதே! என்ன பண்ணீங்க?"

அவன் குச்சியைக் கையால் காட்டினான்.

"இதுல அசையலீங்க, இதுலதான் தெரியுது. ரெண்டும் வேற." அவர் "உள்ளது" என்று கட்டத்தில் குறித்து, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: "மூன்று விரல் அகலம் வாய் திறந்தார். எச்சரிக்கை."

மூன்றாம் நாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருக்கலாம்; கொப்பளிக்கவும் கூடாது, துப்பவும் கூடாது; தலையைச் சாய்த்துத் தானாக வழிய விட வேண்டும்; அதை உறவினர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். விசிலின் மனைவி தையல்காரி. மிஷினை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஐந்து முறை வந்து புருஷன் வாயிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"கல்யாணத்துக்குக்கூட ஒரு கையெழுத்துதாங்க போட்டேன்" என்றாள். விசிலுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பதறிப்போய் அவன் உதட்டைக் கையால் பொத்தினாள்.

பொத்தியதை எதிர்வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். பார்த்தது தப்பில்லை, ஜன்னல் இருப்பதே அதற்குத்தானே. மறுநாள் நிலையத்திலிருந்து வீட்டுச் சோதனைக்கு இரண்டு பேர் வந்து, "இவர் சிரிச்சாராம்மா?" என்று கேட்டபோது "தெரியாதுப்பா" என்று கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அந்தம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்து இதுவரை யாரும் எதையும் கேட்டதே கிடையாது.

"சிரிச்சார்னு சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது, பாவம், நல்ல மனுஷன். ஆனா கண்ணு சிரிச்சுது. ரெண்டு கண்ணும்."

வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். விசிலின் மகளுடைய பீப்பியையும், அடுக்களையில் கிடந்த உறிஞ்சு குழல் ஒன்றையும், அவன் சட்டைப் பையிலிருந்த வேலை விசிலையும் பறிமுதல் செய்து உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள்.

"அது அவரோட வேலைச் சாமான்ங்க" என்றாள் மனைவி.

"ஊதற சாமான்மா."

"ஊதறதுதான் அவர் வேலை!"

"அதெல்லாம் கட்டி பத்திரமா ஒப்படைச்ச பிறகு பேசிக்கலாம்." போகும்போது வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்: "இவ்வீட்டின் முப்பதடி சுற்றளவில் நகைச்சுவை தவிர்க்கவும்." தெருவே வந்து படித்துவிட்டுச் சிரித்தது.

ஐந்தாம் நாள் காது வரை வலித்தது. நாளும் மூன்று விரல் திறந்த வலி. மனைவி அவனை அழைத்துக்கொண்டு போய்த் தலைமைக் காப்பாளர் முன்னால் நின்றாள்.

"சார், இவருக்குத் தாங்க முடியாத வலி. ராத்திரி பூராத் தூங்கல."

"கட்டி இருக்கா?"

"இருக்கு சார். வலிதான்..."

"கட்டி இருந்தா வலிக்காதும்மா. எங்க சுற்றறிக்கையில தெளிவாப் போட்டிருக்கு."

"வலிக்குதுன்னு சொல்றாரே!"

"அவர் பேசக் கூடாதே, எப்படிச் சொன்னாரு?"

"பத்து வருஷமாக் குடித்தனம் நடத்தறேன் சார். மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?" என்றாள்.

"மூஞ்சி எங்க பிரிவு இல்லைம்மா" என்றார் அவர் மிகவும் கனிவாக. "இங்க பாருங்க, ஒரு உண்மையைச் சொல்றேன். வலிக்குதுன்னு வர்றவங்களை எல்லாம் நாங்க கவனிக்க ஆரம்பிச்சா, அப்புறம் இது ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்."

வெளியே வந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். விதிகளை வாசல் கதவோடு நிறுத்திவிட்டு, டாக்டர் முதல் நாள் எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தாள். கஞ்சியை ஆறவைத்துக் கரண்டியில் ஊட்டினாள். மிருதுவான பிரஷ்ஷால் மற்ற பற்களைத் தேய்க்க வைத்தாள். உப்புத் தண்ணீரை நிதானமாக அலசி, நிதானமாகவே கீழே விட வைத்தாள். தலையணையை இரண்டாக்கி உயர்த்திப் படுக்க வைத்தாள். இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. ஏழாம் நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால், குழி இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை படர்ந்திருந்தது. விசில் ஒரு வாரத்தில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினான்: "அடியே, ஆறிடுச்சுடி."

பாவி, ஆறாமல் இருந்திருக்கலாம்.

பிற்பகல் மூன்றரைக்குக் குச்சியம்மா டார்ச் அடித்தார். குச்சியால் தடவினார். மறுபடி அடித்தார். குச்சி கையிலிருந்து நழுவியது.

"சார்! கட்டியைக் காணோம்!"

பதினோரு அறையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக விசிலின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். கிணற்றில் விழுந்த குடத்தைத் தேடுகிற மாதிரி. தலைமைக் காப்பாளர் கடைசியாகப் பார்த்தார். வெள்ளைச் சிரிப்பு போய்விட்டது.

"எங்க கட்டி எங்கய்யா?"

"ஆறிடுச்சு சார். புதுச் சதை வந்திருக்கு, பாருங்க."

"சதை இருக்கறது தெரியுது. கட்டி எங்கேன்னு கேக்கறேன்."

"கட்டிதான் சார் சதையாயிடுச்சு. காயம் ஆறிப் போச்சு."

"ஆறிப் போச்சுன்னு நீ சொல்றே. என் அட்டையில ரெண்டே வார்த்தைதான் இருக்கு. உள்ளது, இல்லை. ஆறியதுன்னு கட்டம் எங்க இருக்கு, காட்டு." அவர் அட்டையை விசிலின் மூக்கருகே ஆட்டினார். "இருபத்து மூணு வருஷத்துல ஆறிட்டேன்னு எங்கிட்ட வந்து நின்ன முதல் ஆள் நீதான். மத்த வாயெல்லாம் ஒழுங்கா இருக்கு, வருஷக்கணக்கா வந்துட்டுப் போய்ட்டு இருக்கு. எல்லாரும் உன்னை மாதிரி ஆறிட்டா இந்த நாப்பத்தொரு குடும்பம் என்ன பண்றது? கொஞ்சமாவது யோசிச்சியா?"

விசில் யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தன் குடும்பம் மட்டும்தான் ஞாபகம் வந்தது. விடிந்தால் அஞ்சரை வண்டி.

"சார், காலையில நான் வேலையில நிக்கணும் சார். நிக்கலேன்னா ஒன்பது வருஷம் போச்சு. ஏதாவது வழி பண்ணுங்க சார்."

வழி என்ற சொல்லைக் கேட்டதும் தலைமைக் காப்பாளர் இளகினார். அவரும் மனிதர்தான். அட்டையைப் புரட்டி, விதிப் புத்தகத்தைப் புரட்டி, விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"ஏழாம் கட்டத்துல கட்டி உள்ளதுன்னு வரணும். அவ்வளவுதான். எந்தப் பல்லோட கட்டின்னு போடல." நிமிர்ந்தார். "மறுபக்கம் ஒண்ணு இருக்கா?"

விசில் நாக்கால் துழாவினான். இருந்தது. நேராக முளைத்து, ஒரு தொந்தரவும் இல்லாமல், தன் பாட்டுக்கு இருந்தது.

மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்க. பைத்தியமா உங்களுக்கு? வாங்க வீட்டுக்கு."

"ஒரு பல்லுதானேடி."

"நல்ல பல்லுங்க!"

"வேலையும் நல்ல வேலைதான்டி" என்றான் விசில். அவள் அவன் பின்னாலேயே படியேறினாள்.

மேல்மாடி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கீழிருந்து வந்த சீட்டைப் பார்த்தார். "இதுல ஒரு குறையும் இல்லையே" என்றார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார். "எனக்கென்ன, சீட்டு வந்தா புடுங்கறேன்." நல்ல பல் அல்லவா, வர மறுத்தது. முதல் பல்லுக்கு இருபது நிமிடம், இதற்கு ஐம்பது. கடைசியில் இரண்டு துண்டாக வந்தது. மணி நாலு நாற்பது. அலுவலகம் ஐந்துக்கு மூடும்.

விசில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்துப் படியிறங்கினான். கீழே எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவர் முத்திரையை மையில் ஒற்றித் தயாராகப் பிடித்திருந்தார். சர்ட்டிபிகேட் எழுதி, தேதி போட்டு, மேசையில் படபடத்துக்கொண்டிருந்தது. குச்சியம்மா பஞ்சை நீக்கி டார்ச் அடித்தார்.

"சிவப்பா இருக்கு சார்."

"கட்டியா?"

"ஓடுது சார்."

"மறுபடி கடிக்கச் சொல்லுங்க."

கடித்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது. மனைவி தன் முந்தானையால் அவன் மோவாயில் வழிந்ததைத் துடைத்தாள். "உறைஞ்சிடும், உறைஞ்சிடும்" என்று அவள் முணுமுணுத்தாள், யாரிடம் சொன்னாளோ. நாலு ஐம்பத்தைந்துக்குக் குச்சியம்மா பார்த்தார், தலையாட்டினார். இரண்டு பேர் பைகளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். நாலு ஐம்பத்தெட்டுக்கு மறுபடி பார்த்தார்கள். நாற்பத்தொரு பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

தலைமைக் காப்பாளர் பெருமூச்சு விட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதை மட்டும் மறைக்கக் கூடாது.

"இது கட்டி இல்லப்பா. வெறும் ரத்தம். ரத்தம் எங்க பிரிவுல வராது." ஏழாம் கட்டத்தில் "இல்லை" என்று அடித்து, அந்தப் பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வா. முதல் நாளிலேர்ந்து ஆரம்பிக்கலாம். வாயைத் திறக்காதே."

மணி ஐந்து அடித்தது. விளக்குகளை அணைத்தார்கள்.

மறுநாள் விசில் ஒன்பதரைக்கு நிறுத்தத்தில் நின்றான். இரண்டு கன்னமும் இப்போது ஒரே அளவில் வீங்கியிருந்தன. பதினேழாம் எண் வந்தது. படியில் ஒரு புது ஆள். சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓட்டுநர் கண்ணாடி வழியாக விசிலைப் பார்த்தார். உடனே சாலையைப் பார்த்துக்கொண்டார்.

"ஏறுங்க, ஏறுங்க. எங்க போகணும்?"

விசில் நின்றான். பஞ்சு இருந்தது. விதி இருந்தது. கட்டி இப்போதுதான், விடியற்காலையில்தான், ஒருவழியாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, உங்களைத்தான்! எங்க போகணும்னு கேக்கறேன்." பின்னால் பயணிகள் சலித்துக்கொண்டார்கள். புது நடத்துனர் நல்ல பையன்தான், குரலில் மரியாதை குறையவில்லை. "வாயைத் திறந்து சொன்னாத்தானேண்ணே தெரியும்?"

புது ஆள் ஒரு நொடி பார்த்துவிட்டு, உதட்டில் வைத்து நீளமாக ஊதினான். வண்டி கிளம்பிப் போயிற்று.